மேளத்துக்கு அடியில் ஒரு குரல்

பிஷ்கெக்கில், பழைய தையல்கூடம் ஒன்றின் நிலவறையில், மலைப்பயண ஒலிக்கதைகளுக்கு இசை பொறுக்கிப் போடுவது புருல்சாவின் பிழைப்பு. பதினோரு வருடமாக அதே நாற்காலி. நாரின் மலைப்பக்கம் குதிரைமேல் வளர்ந்தவளுக்கு, மைக் முன்னால் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற நகரத்து வீரர்களைக் கண்டாலே குமட்டும். கணினியில் இசைக்கு அவள் வைத்திருந்த ஃபோல்டர் பெயர்களே அதைச் சொல்லும்: ‘பொய் மூச்சிரைப்பு’, ‘செத்துப் பிழைத்தேன்’, ‘என்னைப் பார்’. மேளங்கள் எல்லாம் கடைசி ஃபோல்டரில். வருகிறவன் எவனும் கேட்பது அதைத்தான்.

அந்த வாரம் வந்தவன் ஏமில்பெக், பல் டாக்டர். கணவாயில் பனிப்புயலில் மூன்று நாள் தன்னந்தனியாகக் கிடந்து மீண்டானாம். அங்கேயே கைபேசியில் பதிவு செய்த தன் குரலையும் கொண்டுவந்திருந்தான். ஹெட்போனை மாட்டிக் கேட்டாள் புருல்சா. அவன் நடுங்கும் குரலுக்குப் பின்னால் மேய்ச்சல்காரப் பெண் ஒருத்தி தெளிவாகப் பேசினாள்:

“தம்பி, டீ ஆறுது. கூடாரத்துக்குள்ள வந்து ரொட்டியத் தின்னுட்டு அப்புறமா அழு.”

மூன்று நாள் பதிவிலும் அதே குரல். முதலாளி கச்கினிடம் போய்ச் சொன்னாள். அவன் அசரவில்லை.

“தெரியும்க்கா. அதுக்குத்தானே மேளம்? நாளைக்கு அவரு கேக்க வராரு. அந்தம்மா சத்தம் வெளிய வந்துச்சுன்னா நீங்க வேற வேலை பாத்துக்குங்க.”

ரொட்டி போட்டுக் காப்பாற்றியவளை மேளத்தைப் போட்டு மூடச் சொல்கிறான், வெட்கங்கெட்டவன்.

மறுநாள் ஏமில்பெக்கும் கச்கினும் வந்து உட்கார்ந்தார்கள். கதை ஓடியது. ‘முப்பது கிலோமீட்டருக்கு ஒரு ஜீவன் இல்லை’ என்ற இடத்தில் மேளம் எழவில்லை, ஒரு தந்திகூட அதிரவில்லை. டீ ஆறுகிற சேதி மட்டும் அறை முழுக்கக் கேட்டது.

ஏமில்பெக்குக்குக் காது சிவந்தது. “மேளம் எங்க?”

“இருக்கு, போடுறேன். கடைசியில அந்தம்மாவுக்கு ஒரு நன்றியாவது சொல்லிடுங்க டாக்டர். அவங்க பேரு என்ன?”

அவன் கச்கினைப் பார்த்தான். கச்கின் தரையைப் பார்த்தான்.

“மூணு நாள் அவங்க கையால தின்னிருக்கீங்க.”

“பேரு கேக்கல,” என்றான் ஏமில்பெக்.

புருல்சா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். பதினோரு வருட நாற்காலியை ஏமில்பெக் பக்கம் தள்ளினாள்.

“மேளம் கடைசி ஃபோல்டர்ல இருக்கு. ‘என்னைப் பார்’னு போட்டிருக்கும். நீங்களே போட்டுக்குங்க.”