அண்ணி வாங்கிய மார்க்

புள்ளியியல் பேராசிரியர் வலது கையால் எழுதி இடது கையால் அழிப்பார். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். அந்த ஒரு சாணில் நிற்பதுதான் பாடம்.

மாலை வகுப்பில் நாங்கள் நாற்பது பேர். ஜோடி ஜோடியாக உட்காருவோம். ஒருவர் போர்டின் இடது பாதியை எழுதிக்கொள்வார், மற்றவர் வலது பாதியை. வகுப்பு முடிந்ததும் கான்டீனில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம். சில நாள் சேரும். ஒவ்வொரு வருடமும் பாதிப் பேர் ஃபெயில் ஆனார்கள். பாஸ் ஆனவர்களுக்கும் எப்படி ஆனோம் என்று தெரியாது.

அண்ணி எங்களோடு சேர்ந்தபோது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. கண்ணாடிக் கடை கவுன்டரில் வேலை. வருகிறவர்களின் மூக்கைப் பார்த்து ஃபிரேம் எடுத்துக் கொடுப்பார். படிக்கிற காலத்தில் மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ். புள்ளியியல் மட்டும் போய்விட்டது. போன கையோடு கல்யாணமும் ஆயிற்று. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பார் அண்ணி. புகுந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. "கணக்குல கோட்டை விட்டதாலதான் நமக்குக் கிடைச்சா" என்று எந்த விசேஷத்திலும் யாராவது ஒருவர் சொல்லிச் சிரிப்பார். சொன்னவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அதனால் பதிலும் சொல்ல முடியாது. அந்த ஒரு பாடத்தை எழுதி முடிக்கத்தான் வந்திருந்தார்.

பேராசிரியர் அவருடைய கணவரின் தம்பி. ஒரே வீடு.

இது எங்களுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. வருகைப் பதிவில் பேராசிரியர் எண்ணை வாசித்தார். "உள்ளேன் சார்" என்று அண்ணி எழுந்து நின்றார். பேராசிரியர் தலையைத் தூக்கி, "உட்காருங்க அண்ணி" என்றார். பிறகு போர்டுப் பக்கம் திரும்பி, ஒன்றும் எழுதாத போர்டைக் கொஞ்ச நேரம் அழித்தார்.

அன்றைக்கே அவர் நாற்பது பேருக்கும் அண்ணி ஆனார். பேராசிரியருக்கு அதுவரை டஸ்டர் என்று பெயர். மறுநாளிலிருந்து கொழுந்தனார்.

எங்களில் ஒருவர் பஸ் கண்டக்டர். அந்தப் பாடத்தை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர்தான் கான்டீனில் முதலில் கேட்டார்.

"அண்ணி, வீட்ல சொல்லி அவரக் கொஞ்சம் மெதுவா அழிக்கச் சொல்லுங்களேன்."

"வீட்ல குளிச்ச துண்டக் கூட எடுத்துக் காயப்போட மாட்டான். இங்க வந்து ஏன்தான் இப்படித் தொடைக்கிறானோ."

"கேள்வித்தாள்ல என்ன வரும்னு ஒரு வார்த்தை..."

"ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன வரும்னு அவன் என்னைக் கேட்கலாம். இத நான் கேட்க முடியாது தம்பி."

வீட்டில் பாடத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று பேராசிரியர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாராம். அண்ணியும் ஒப்புக்கொண்டார். சந்தேகம் வந்தால் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்காமல், மறுநாள் வகுப்புக்கு வந்து கையைத் தூக்குவார். "புத்தகத்தைப் பாருங்கள்" என்பார் பேராசிரியர். எங்களுக்குச் சொல்கிற அதே பதில்தான். கேள்வித்தாள் தயாரிக்கிற வாரம் அவர் வீட்டிலேயே இல்லை. நண்பர் ஒருவரின் அறைக்குப் போய்விட்டார்.

அண்ணியின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் என்ன என்று அவரிடம் கேட்டால் தொழில்முறையில்தான் பதில் வரும். "ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டா கத்தக் கூடாது, பட்டன் எதையும் அமுக்கக் கூடாது. சும்மா நிக்கணும்."

பரீட்சை வந்தது. கடைசிக் கேள்வியை அண்ணி தொடவே இல்லை. ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இருபது மார்க். நான்காவதையும் பாதியில் விட்டுவிட்டார். வெளியே வந்து, "தேறினாலும் தேறுவேன்" என்றார். நாற்பது வாங்கினால் பாஸ்.

அண்ணியின் விடைத்தாளைத் தானே திருத்தினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பேராசிரியர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து அறைப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டார். பக்கத்து அறைக்காரர் மரியாதை தெரிந்தவர். எண்பத்திரண்டு போட்டார்.

வகுப்பில் அடுத்த மார்க் அறுபத்தொன்று. பட்டியலை ஒட்டிய இடத்தில் நாங்கள் கை தட்டினோம். "அண்ணின்னா சும்மாவா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கண்டக்டர் முப்பத்தொன்று வாங்கியிருந்தார். அவரும் கை தட்டினார்.

அண்ணி தட்டவில்லை. "எழுதினதே எழுபதுக்குத்தானே" என்றார்.

நேராக அலுவலகத்துக்குப் போனார். நாங்கள் சிலர் துணைக்குப் போனோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மார்க் கூடணும்னா எழுதிக் குடுங்கம்மா, பார்ப்பாங்க. குறையணும்னா இங்க வழி இல்ல."

"அப்ப மறுபடி எழுதுறேன்."

"பாஸானவங்க மறுபடி எழுத முடியாது."

"எழுதாத கேள்விக்கு மார்க் போட்டிருக்காங்க. நான் இப்ப என்ன பண்றது?"

குமாஸ்தா யோசித்தார். "சந்தோஷப்படுங்க" என்றார்.

அன்று வீட்டில் அண்ணி பேராசிரியரிடம், "நீயே ஒரு கேள்வித்தாள் போடு. நான் எழுதுறேன். நீயே திருத்து" என்றார்.

"அதான் பாஸாயிட்டீங்களே அண்ணி."

"யார் சொன்னா?"

"யுனிவர்சிட்டி சொல்லுது."

"நீ சொல்லு."

பேராசிரியர் எழுந்து போய்விட்டார். கணவர் சும்மா நின்றார்.

அண்ணி சண்டை போடவில்லை. சமையல் நிற்கவில்லை. காப்பி நேரத்துக்கு வந்தது. ஒரே ஒரு மாற்றம்தான். அன்றிலிருந்து வீட்டிலும் பேராசிரியரை சார் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"சார், காப்பி ஆறுது."

"சார், உங்க சட்டைக்குப் பட்டன் தச்சாச்சு."

"சார் குளிச்சிட்டாரான்னு கேளுங்க, தண்ணி நின்னுடப் போகுது." இது கணவரிடம்.

அண்ணி அந்த வீட்டுக்கு வந்தபோது பேராசிரியர் பள்ளிக்கூடத்துப் பையன். அவருடைய வாழ்க்கையில் பாதிக்கு மேல் இந்தக் குரலில் தம்பி என்று கேட்டுப் பழகியவர். மூன்று நாள் தாங்கினார். நான்காவது நாள் தட்டை நகர்த்திவிட்டு, "ஞாயித்துக்கிழமை காலைல. மூணு மணி நேரம். புத்தகம் கூடாது" என்றார்.

"சரிங்க சார்" என்றார் அண்ணி.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையைத் துடைத்துப் பரீட்சை நடந்தது. மேற்பார்வை, கணவர். அவர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அண்ணி தண்ணீர் குடிக்க எழுந்தபோது சமையலறை வரை கூடவே போனார். நேரம் முடிந்ததும், இன்னும் இரண்டு வரி இருக்கிறது என்று அண்ணி கெஞ்சியும் விடாமல் தாளை இழுத்து வாங்கிக்கொண்டார்.

"பெண்டாட்டின்னு கூடப் பார்க்க மாட்டீங்களா?"

"பரீட்சை எழுதுறவங்க பேசக் கூடாது."

பேராசிரியர் தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். அன்று யாரும் சமைக்கவில்லை. கணவர் கடையில் ரொட்டி வாங்கி வந்தார். அதையும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பேராசிரியர் வெளியே வந்தபோது தாளில் முக்கால்வாசி சிவப்பாக இருந்தது.

"ஐம்பத்தொண்ணு."

அண்ணி தாளை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஓர் இடத்தில் நின்றார்.

"இங்க ஏன் ரெண்டு மார்க் குறைச்சே?"

"வகுத்தது தப்பு அண்ணி."

"வழி சரிதானே?"

"வழி சரி. விடை தப்பு."

"வழிக்கு மார்க் கிடையாதா?"

"குடுத்திருக்கேன். பாருங்க, மூணு போட்டிருக்கேன்."

"அஞ்சு போடணும்."

"போட முடியாது."

"ஏன்டா போட முடியாது? உனக்கு ஒன்பதாங்கிளாஸ்ல ஜுரம் வந்தப்ப..."

"ஜுரத்துக்கும் இதுக்கும் என்ன அண்ணி சம்பந்தம்?"

குரல்கள் ஏறின. சொத்துப் பிரிக்கிறார்கள் என்று நினைத்து மேல் வீட்டு அம்மாள் சமாதானம் செய்ய இறங்கி வந்தார். இரண்டு மார்க் தகராறு என்று கணவர் விளக்கினார். அந்த அம்மாள் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்டார். ஒன்றும் விளங்காமல், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். பேராசிரியர் அதற்கும் மறுத்துவிட்டார். கடைசிவரை மூன்று மூன்றாகவே இருந்தது.

வெளிச்சம் போகிற நேரத்தில் அண்ணி தாளை மடித்தார். "சரி தம்பி, வா, ஏதாவது சாப்பிடு" என்றார்.

மறுநாள் கான்டீனுக்கு வந்தார். வகுப்பு முடிந்துவிட்டது, அவருக்கு அங்கே வர வேண்டிய வேலை எதுவும் இல்லை. எங்களிடம் சொல்வதற்காகத்தான் கடையில் லீவு கேட்டு வந்திருந்தார். ஐம்பத்தொன்று என்றார். இரண்டு தரம் சொன்னார். ஃபெயிலான பத்தொன்பது பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

"அப்ப சர்ட்டிஃபிகேட்ல எண்பத்திரண்டுன்னு வருமே, அத என்ன பண்ணுவீங்க அண்ணி?" என்று கண்டக்டர் கேட்டார்.

"அது பக்கத்து ரூம் சார் வாங்கின மார்க். எனக்கு எதுக்கு?"

பிறகு தாளைப் பிரித்து, தான் சரியாகப் போட்ட ஒரு கணக்கை எங்களுக்கு விளக்க ஆரம்பித்தார். பென்சிலால் எழுதிக்கொண்டே போனார். எதையும் அழிக்கவில்லை. எங்களுக்கு அப்போதும் புரியவில்லை. பஸ் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.