ஒரே பந்தியில் கருப்பும் வெள்ளையும்

எங்கள் சொந்தத்தில் விசேஷம் என்றால் பந்தி பரிமாற என்னைத்தான் கூப்பிடுவார்கள். சம்பந்தி இலைக்கு ஒரு கரண்டி, சமையல்காரர் இலைக்கு அரைக் கரண்டி என்று என் கை பார்க்காது. அந்தப் பெருமையைப் பன்றிக் கொட்டிலுக்கும் கொண்டுபோனேன் பாருங்கள், அங்கேதான் கூத்து.

திண்டுக்கல்லுக்கு வெளியே, தென்னந்தோப்பை ஒட்டி எங்கள் பண்ணை. எல்லாம் சீமை வெள்ளைப் பன்றிகள். நடுவில் ஒரே ஒரு நாட்டுப் பன்றி, நல்ல கருப்பு, நான் ஆசைப்பட்டு வாங்கியது. என் கணவருக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"திங்கிற தீனிக்கு வளர்த்தி இல்ல. பொங்கலுக்குள்ள குட்டி போட்டா இருக்கட்டும். இல்லேன்னா கறிக்காரரு வந்து ஓட்டிக்கிட்டுப் போகட்டும்" என்றார். சொன்னதோடு நிற்காமல் கறிக்காரரிடம் பேசியும் வைத்துவிட்டார். என் காலடிச் சத்தம் கேட்டாலே ஓடி வந்து முந்தானையை முகர்ந்து பார்க்கும் பிராணி அது.

ஊரில் முகூர்த்தம் வந்தால் எங்கள் பன்றிகளுக்கும் கல்யாணம்தான். பிரியாணிக் கடையிலும் மண்டபத்திலும் மிஞ்சிய சோற்றைக் கணவர் டிரம் டிரம்மாக லோடு ஆட்டோவில் ஏற்றி வருவார். கருப்புக்குக் கொஞ்சம் போதும் என்பார். விடுவேனா?

"ஒரே பந்தியில உக்கார வச்சிட்டு அதுக்கு மட்டும் அரை வயிறா?"

சண்டை போட்டு, வெள்ளைக்கு எத்தனை வாளியோ அத்தனை வாளி கருப்புக்கும் ஊற்றினேன். வெள்ளைகள் நீள நீளமாக வளர்ந்தன. கருப்பு நீளவில்லை, உருண்டது. ஆண் பன்றியோடு விட்டிருந்ததால், அதன் வயிறு தரையைத் தொட ஆரம்பித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சினையாகிவிட்டது என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டு, வளைகாப்புக்குக் கிண்டுவதுபோலப் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் கிண்டி அதற்கு வைத்தேன்.

சினை பார்க்க வந்த கால்நடை டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"குட்டி ஒண்ணும் இல்லக்கா. அம்புட்டும் கொழுப்பு."

என் கணவர் வரப்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் முறைத்ததும் இன்னும் கூடுதலாகச் சிரித்தார்.

"வெள்ளைக்குத் தீனி போட்டா கறி வைக்கும், உடம்பு நீளும்" என்றார் டாக்டரம்மா. "இது அலைஞ்சு திரிஞ்சு, கிடைச்சதைத் தின்னு வளந்த இனம். கொஞ்சத்துலயே பொழச்சுக்கும். மிஞ்சினதைக் கொழுப்பாச் சேத்து வச்சுக்கும். இப்படி ஊதிப்போனா சினை எப்படிப் பிடிக்கும்? தீனியைக் குறைங்க, நடக்க விடுங்க."

மறுநாளே சோறு குறைந்தது, கீரைத்தண்டு கூடியது. மாலையானால் கருப்பைத் தோப்புக்குள் விட்டேன். அது மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டே போகும், நான் பின்னாலேயே போவேன். வேடிக்கை பார்க்க வந்த கணவரும் சேர்ந்து நடக்க ஆரம்பித்தார். சிறுமலைப் பக்கமிருந்து காற்று வரும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அப்படிச் சும்மா பேசிக்கொண்டு நடந்ததே இல்லை. பன்றிக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான்.

கருப்பு இளைத்து, ஓட்டமும் துள்ளலுமாக மாறியது. மறுபடி ஆண் பன்றியோடு சேர்த்தோம். அடுத்த முறை ஸ்கேன் பார்த்தபோது டாக்டரம்மா எங்களையும் கூப்பிட்டுக் குட்டிகளைக் காட்டினார்.

மார்கழிக் கடைசியில் ஒரு விடிகாலை அது குட்டி போட்டது. வெள்ளை உடம்பில் கரும்புள்ளி தெளித்த குட்டிகள், முண்டியடித்துக்கொண்டு மடியில் தொங்கின. சந்தோஷத்தில் நான் அழுதேவிட்டேன்.

வெயில் ஏறும் நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம். கறிக்காரர். பொங்கலுக்கு முன்னால் வரச் சொன்னதை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. நான் பதறி எழுவதற்குள் என் கணவர் அடுப்படியிலிருந்து சீனி டப்பாவோடு வெளியே ஓடினார். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அவர் சொன்னது கொட்டில் வரை கேட்டது.

"ஹாரன் அடிக்காதீகண்ணே, பிள்ளை பெத்த வீடு. இந்தாங்க, முதல்ல சீனி எடுத்துக்கங்க."