யோகேஸ்வரி பெயருக்கு ஓர் அர்ச்சனை

சமூகநல அதிகாரி வரலட்சுமியிடம் சொன்னது வரலட்சுமியைத் தாண்டாது என்று கேமரன் மலை முழுக்கப் பெயர். பதினோரு வருடம் அந்தப் பெயரைக் காப்பாற்றினாள். கம்போங் ராஜா ஊர்க் கடையில் யாராவது, "என்ன மேடம், இன்னைக்கு யாரு வீட்டுல பிரச்சன?" என்று வாயைக் கிண்டினால், தக்காளி விலையைக் கேட்டுவிட்டு நடையைக் கட்டுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கர்வம் சும்மா இருக்குமா?

யோகேஸ்வரி தேயிலை ஆலையில் வேலை செய்பவள். ஒரு வெள்ளிக்கிழமை, தோட்டத்து கிளினிக்கின் பின்னறையில் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். புருஷன் மகேன் ரப்பர் குழாயால் அடித்த தடம், முழங்கையிலிருந்து தோள் வரை. திங்கட்கிழமை அவன் லோரி எடுத்துப் போன பிறகு, ஆறு வயது மகளோடு ஈப்போ காப்பகத்துக்குக் கிளம்பிவிடுவதாக ஏற்பாடு.

"யாருக்கும் தெரியக்கூடாது மேடம். தெரிஞ்சா கொன்னுடுவான்லா."

வரலட்சுமி அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள்.

திரும்பும் வழியில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மணியடித்தது. இந்தப் பெண் நல்லபடியாகத் தப்ப வேண்டுமே என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. காரிலேயே யோகேஸ்வரியின் கோப்பைத் திறந்து, பிறந்த தேதியை எடுத்து, கைப்பேசியில் நட்சத்திரம் பார்த்து, அர்ச்சனைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். ஊர் ரகசியத்தையெல்லாம் வயிற்றுக்குள் வைத்திருந்த புத்திசாலிக்கு, பூசாரி அதைத் தொண்டை கிழியச் சொல்வார் என்று தோன்றவேயில்லை. அம்மனிடம் சொல்வது வெளியே சொல்வதில் சேராது என்று நினைத்துவிட்டாள்.

"சுவாதி நட்சத்திரம், துலாம் ராசி, யோகேஸ்வரி!"

பக்கத்தில் தட்டோடு நின்றவள் வேலாயி, மகேனின் அக்கா. வாரம் தவறாமல் குடும்பத்தில் அத்தனை பேருக்கும் அர்ச்சனை செய்கிறவள்.

"எங்க வீட்டுப் பொண்ணுக்கு நீங்க எதுக்கு மேடம் அர்ச்சன பண்றீங்க?"

வேறு யோகேஸ்வரி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதுகூட வரவில்லை. திருநீறு வாங்காமல் காருக்கு ஓடினாள். அந்த ஓட்டமே மிச்சத்தைச் சொல்லிவிட்டது.

அப்போதே போலீசோடு திரும்பியிருக்க வேண்டும். போனால் தன் தவற்றை மேலதிகாரியிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலாயி மறந்துவிடுவாள் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதுதான் பெரிய வெட்கக்கேடு. மறுநாள் காலையில் தாங்கமுடியாமல் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஒரு பெண் போலீசோடு யோகேஸ்வரி குடியிருந்த தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் போனாள்.

மகேன் இல்லை. யோகேஸ்வரியின் உதடு வீங்கியிருந்தது. பிள்ளையை அவன் விடியுமுன்பே யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். எந்த ஊர் என்றுகூடச் சொல்லவில்லையாம்.

"நீ வா யோகேஸ்வரி. பிள்ளைய நாங்க தேடிக் கொண்டாறோம்," என்றாள் வரலட்சுமி.

"அவ இல்லாம நான் எங்க வர்றது? நான் போயிட்டேன்னு தெரிஞ்சா அவள என்ன பண்ணுவானோ."

லயத்து வாசல்களில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். வரலட்சுமியால் தலையைத் தூக்க முடியவில்லை.

"என்ன மன்னிச்சிடும்மா. உனக்கு நல்லது நடக்கணும்னுதான்... சாமிகிட்டதானே சொன்னேன்."

யோகேஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"நான் சாமிகிட்டகூட சொல்லல மேடம். ஒங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."