கசத்துக்குள் ஒரு விளக்கு

மிட்டாய்க்கடைக் கண்ணாடி ஜாடி ஒன்று. அதற்குள் ஐந்நூறு வாட் பல்பு. மூடியைச் சுற்றி அரக்கு, அரக்குக்கு மேல் சைக்கிள் டியூப். அறுபதுகளில் தென்காசியில் நான் வைத்திருந்த ரேடியோ ரிப்பேர் கடையின் மேஜையில் இதைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்து, "எப்படி இருக்கு மாப்ளே?" என்று கேட்டார் அத்தான். என் அக்காளின் கணவர். இப்போது இல்லை. அவருடைய நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அக்காள் மகள் கேட்டிருக்கிறாள். நானும் மூன்று நாளாகத் தேடிப் பார்த்துவிட்டேன். நல்ல வார்த்தை ஒன்றும் அகப்படவில்லை, இந்த ஜாடிதான் கண் முன்னால் வந்து நிற்கிறது. மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, எனக்குத் தெரிந்ததைத்தான் எழுத முடியும்.

அத்தான் கப்பற்படையில் முக்குளிக்கும் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவர். முதுகில் கட்டும் காற்று சிலிண்டர், வாயில் கவ்வும் ரப்பர் குழாய், முகத்தில் மாட்டும் கண்ணாடி என்று ஊர் அதுவரை பார்க்காத சாமான்கள் அவரிடம் இருந்தன. போதாததற்கு ஒரு சினிமா காமிரா. அதைத் தண்ணீர் புகாத பித்தளைப் பெட்டிக்குள் அடைத்திருந்தார். குற்றாலத்துக்குக் கீழே சிற்றாற்றில் ஒரு கசம், ஆழமான மடு, உண்டு. நாலாள் ஆழம் இருக்கும். அதன் அடியில் மீன்கூட்டத்தைப் படம் பிடித்துச் சென்னையில் ஒரு கம்பெனிக்குக் காட்டப் போவதாகவும், அதற்கப்புறம் தன்னைக் கையில் பிடிக்க முடியாது என்றும் கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்பப்பா, என்ன ஒரு பீற்றல்! அடுத்தவன் சொல்வது காதில் ஏறவே ஏறாது. அக்காளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார். விரலைச் சொடுக்குவார். கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அவள் வந்து நிற்க வேண்டும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறும்.

கசத்தின் அடியில் இருட்டு என்பதால் விளக்கு வேண்டும். எந்த விளக்கு என்பதை என்னிடம் கேட்டார். கேட்டார் என்றா சொன்னேன்? தான் முடிவு செய்துவிட்டதற்கு நான் தலையாட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தார். நான் ஆட்டவில்லை. வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் ஆற்று வண்டலைக் கலக்கி விட்டு, ஒரு வாரம் விதவிதமான பல்புகளை இறக்கிப் பார்த்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் விளக்கை வைத்தால் தண்ணீரில் மிதக்கிற தூசி துரும்பெல்லாம் பளிச்சிட்டு, செங்கோட்டை மலைப்பாதையில் பனிமூட்டத்துக்குள் லாரி ஹெட்லைட் போட்டது போல வெள்ளையாக மறைத்தது. விளக்கு பெரிதாக ஆக, மறைப்பதும் கூடியது. சின்ன விளக்கை ஒரு கை தூரம் தள்ளிப் பக்கவாட்டில் பிடித்தால் தொட்டியின் அடியில் போட்ட சோழி வரை தெளிவாகத் தெரிந்தது. லாரி ஹெட்லைட் ஒன்று, பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று, அது போதும், நனைந்தாலும் ஆளைக் கொல்லாது, ஆனால் காமிராக்காரர் பிடிக்கக் கூடாது, தள்ளி நின்று இன்னொருவர் பிடிக்க வேண்டும் என்று அத்தானிடம் சொன்னேன். என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா!

"அதுக்கென்ன, உங்க அக்கா பிடிப்பா. மீன்குஞ்சுல்லா அவ" என்றார். சொன்னதில் அது ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டார். அக்காள் சின்ன வயதிலேயே கசத்துக்குள் முங்கி மண் அள்ளி வருகிறவள். அவள் மூச்சடக்கினால் கரையில் நிற்கிற எங்களுக்கு மூச்சு முட்டும். சிலிண்டர் ஒன்றுதான், அது அத்தானுக்கு. அக்காள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். விளக்கைப் பொறுத்தவரை ஹெட்லைட் எல்லாம் விளையாட்டுச் சாமான், ஜாடிதான் என்று முடித்துவிட்டார்.

சீசன் முடிந்து தண்ணீர் தெளிந்திருந்த ஒரு நாள் முற்பகலில் கசத்துக்குப் போனோம். கரையில் தென்னந்தோப்பு. தோப்பின் மோட்டார் அறையிலிருந்து ஒயரை இழுத்து ஜாடியோடு கோத்தார் அத்தான். நான் விடாப்பிடியாக ஹெட்லைட்டையும் பேட்டரியையும் சுமந்து வந்து பாறையில் வைத்திருந்தேன். அக்காள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று ஜாடிக்காகக் கையை நீட்டினாள்.

"வேண்டாம் அத்தான். வீட்டுக் கரண்டு. அரக்குல ஒரு கீறல் விழுந்தாப் போதும், உள்ள போனவ வெளிய வரமாட்டா."

"நேவியில நான் பாக்காத கரண்டா? ரேடியோவுக்கு ஈயம் வைக்கிறவன் எனக்குப் பாடம் எடுக்கியாக்கும்!"

"அப்படின்னா ஒண்ணு செய்ங்க அத்தான். ஜாடியை நீங்க பிடிங்க. காமிராவை அக்கா பிடிக்கட்டும்."

அத்தான் கையிலிருந்த ஜாடியைப் பார்த்தார். மோட்டார் அறை வரைக்கும் கிடந்த ஒயரைப் பார்த்தார். பிறகு, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல ஜாடியை மெதுவாகப் பாறையில் வைத்தார். "அவளுக்குக் காமிரா ஓட்டத் தெரியாதுல்லா" என்று முணுமுணுத்துக்கொண்டே ஹெட்லைட்டை எடுத்து அக்காளிடம் கொடுத்தார்.

ஆபத்து தெரியாமல் செய்திருந்தால் விவரம் கெட்ட மனுஷன் என்று மன்னித்திருப்பேன். தெரிந்திருக்கிறது. தன் கைக்கு வேண்டாம் என்று தோன்றியது அவள் கைக்கு இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். இத்தனை வருஷமாகியும் என் வயிறு எரிவது அதற்குத்தான்.

படம் நன்றாக வந்தது. வந்தவரிடமெல்லாம் விளக்கு தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொண்டார். ஓர் ஓரத்தில் அக்காளின் வளையல் கை தெரிந்தது. "இதை வெட்டி எறியணும், அசிங்கமா இருக்கு" என்றார். சென்னைக் கம்பெனி ஏனோ அவரைக் கூப்பிடவில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

அதற்கப்புறம் வருஷா வருஷம் சீசனுக்குக் குடும்பத்தோடு குற்றாலத்துக்குப் போவோம். எல்லோரும் அருவியில் நிற்க, அக்காள் மட்டும் துணிப்பையைக் கட்டிக்கொண்டு சாரல் படாத இடமாகப் பார்த்து ஒதுங்கி நிற்பாள். "இவளுக்குத் தண்ணின்னா பயம்" என்று அத்தான் பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். கசத்தில் முங்கி மண் அள்ளியவளைப் பற்றி! அக்காள் மறுத்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். பிள்ளைகளும் அதையே நம்பி வளர்ந்தார்கள். நானும்தான், அன்றைக்கு அந்த ஆழத்தில் ஏதோ பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தான் இறந்ததற்கு அடுத்த சீசனில் ஐந்தருவிக்குப் போனோம். அக்காளுக்கு எழுபது தாண்டிவிட்டது. "இதைப் பிடிலே" என்று துணிப்பையை என் கையில் திணித்துவிட்டு, விறுவிறுவென்று போய் அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அரை மணி நேரம் கழித்து, தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"தண்ணின்னா பயமில்லையாக்கா உனக்கு?"

"தண்ணி என்னலே செஞ்சுது எனக்கு? அன்னைக்கு நீ அவுகளைப் பிடிக்கச் சொன்ன, அவுக ஜாடியைக் கீழ வச்சாக. இடுப்பளவு தண்ணியில நின்னு நானும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்? அன்னைக்கு முங்கினதோட சரி, அதுக்குப் பொறவு அவுக பக்கத்துல நிக்கும்போது தண்ணிக்குள்ள எறங்க எனக்கு மனசு வரல."