ரேடியோ அக்காவும் ஏழாம் குஞ்சும்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவள் ரேடியோ அக்கா. தையல் மிஷினில் உட்கார்ந்தால் காலும் ஓடும், வாயும் ஓடும். கால் நின்றாலும் வாய் நிற்காது. அளவு கொடுக்கப் போனவர்கள் அரை நாள் கழித்துத்தான் வெளியே வருவார்கள். யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, எந்த மாமியார் எந்த மருமகளோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அதற்குள் தெரிந்திருக்கும். சட்டை மட்டும் தயாராகியிருக்காது.

அவள் பக்கமும் நியாயம் இருந்தது. வீட்டுக்காரர் முப்பது வருஷம் நூல் ஆலையில் இயந்திரங்களுக்கு நடுவே நின்றவர். காது இரண்டையும் ஆலைக்கே கொடுத்துவிட்டு வந்தார். அவரிடம் எதையும் ஐந்து தடவை சொல்ல வேண்டும், ஒவ்வொரு தடவையும் சத்தத்தை ஏற்றி. ஐந்தாவது தடவை அவருக்கும் கேட்கும், தெருக்கோடிக்கும் கேட்கும்.

இப்படிப்பட்டவளுக்குப் போய், வாயே திறக்கக் கூடாத வேலை அமைந்தது.

ஊருக்கு வெளியே, சதுப்பை ஒட்டி, நாரைகளை வளர்க்கிற நிலையம் ஒன்று இருந்தது. ஆள் உயரத்துக்கு நிற்கிற வெள்ளை நாரை. அந்த இனத்தில் மிச்சமே இருநூற்றுச் சொச்சம்தான். முட்டைகளை இங்கே பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து, சதுப்பில் கொண்டுபோய் விடுவார்கள். அதில் ஒரு சிக்கல். பிறந்த குஞ்சு யாரைப் பார்க்கிறதோ, யார் குரலைக் கேட்கிறதோ, அவர்தான் அதற்குத் தாய். மனிதரைத் தாயென்று நம்பிய நாரை, வெளியே விட்ட பிறகும் மனிதரைத் தேடிக்கொண்டு வரும். துப்பாக்கி வைத்திருப்பவன் முன்னால் போய் நின்று இரை கேட்கும். அதனால் வேலை செய்கிறவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, நாரைத் தலை போலத் தைத்த உறையைக் கையில் மாட்டி, அந்தத் துணி அலகால்தான் ஊட்ட வேண்டும். இடுப்பில் கட்டிய சின்னப் பெட்டி தாய் நாரையின் குரலைப் போடும். மனிதர் வாயிலிருந்து ஓர் இருமல்கூட வரக்கூடாது.

அந்த அங்கிகளைத் தைத்துக் கொடுக்கப் போனவள்தான் ரேடியோ அக்கா. துணி அலகு சரியாக மூடுகிறதா என்று பார்க்க, அதை மாட்டிக்கொண்டு மேஜையில் கிடந்த ஒற்றைச் சோள மணியைப் பொறுக்கிக் காட்டினாள். நிலையத்தின் டாக்டரம்மா அசந்துபோனார்.

"அக்கா, நீங்களே வேலைக்கு வந்துடுங்களேன். இந்தக் கை வேற யாருக்கும் வராது."

"கை வந்துடும் டாக்டரம்மா. வாயை என்ன பண்றது?"

"அதை வீட்டுல வெச்சுட்டு வாங்க."

வைத்துவிட்டுத்தான் வந்தாள். முதல் வாரம் பேசாமல் பேசாமல் தொண்டை வலித்ததாம். வீட்டில் பேசலாம், கேட்கக் காது இல்லை. இங்கே ஏழு குஞ்சுகளின் காது இருக்கிறது, பேச வாய் இல்லை. நல்ல பிழைப்பு என்று தன்னையே நொந்துகொண்டாள். ஆனால் பழுப்புப் பஞ்சு உருண்டைகளாக ஏழும் அவள் அங்கியைச் சுற்றி ஓடி வரும்போது, அந்த நொந்துகொள்ளல் எங்கே போனதென்று அவளுக்கே தெரியாது.

ஏழாவது குஞ்சு நோஞ்சான். கால் வளையத்தில் இருந்த எண்ணை வைத்து அதற்குப் பெயரே ஏழு. மூன்றாவது வாரம் அது இரை எடுப்பதை நிறுத்தியது. மருந்து கொடுத்தார்கள், வெப்ப விளக்கின் கீழே வைத்தார்கள். இரண்டு நாள் துணி அலகு எதை நீட்டினாலும் தலையைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் கழுத்தும் தொங்கிவிட்டது. அறையில் அவளும் அதுவும்தான். அவள் குனிந்தாள், இடுப்புப் பெட்டியின் குரலை நிறுத்தினாள். மூன்று வாரமாகப் பூட்டி வைத்திருந்த வாய் தானாகத் திறந்தது.

"சாப்பிடுடா கண்ணு. ஒரே ஒரு வாய். என் தங்கம்ல?"

குஞ்சு கழுத்தைத் தூக்கியது. அவள் முகத்திரையையே பார்த்தது. பிறகு அலகைத் திறந்தது.

நாலு நாள் அவள் அதோடு பேசித்தான் ஊட்டினாள். அது தேறி மற்றவற்றோடு சேர்ந்ததும் வாயை மறுபடி பூட்டினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊர்க்கதையெல்லாம் ஊருக்குச் சொன்னவள், தன் கதையை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? வேலி கட்ட வந்த ஆட்கள் வெளியே பேசிக்கொண்டு போனபோது ஆறு நாரைகள் மிரண்டு ஒதுங்கின. ஏழு மட்டும் குடுகுடுவென்று வேலியோரம் ஓடி, கழுத்தை நீட்டி நின்றது. சதுப்புக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு: சாதாரண உடையில் ஓர் ஆள் பேசிக்கொண்டே உள்ளே போவார். விலகி ஓடுகிற பறவை வெளியே போகும். கிட்டே வருகிற பறவைக்கு ஆயுள் முழுக்கக் கூண்டு. சோதனைக்கு மூன்று வாரம் இருந்தது.

அன்றே டாக்டரம்மாவிடம் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். "என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க. ஆனா அதைக் கூண்டுல போட்டுடாதீங்க. தப்பு என் வாய் பண்ணது."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "நீங்க பேசலைன்னா அது அன்னைக்கே செத்திருக்கும் அக்கா. செத்த குஞ்சை எந்தச் சதுப்புல கொண்டு விடறது?" என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குத் தெரிஞ்ச மனுஷக் குரல் உங்களுதுதான். அப்ப அந்தக் குரலே அதைத் துரத்தணும். அங்கி இல்லாம போங்க. திட்டத் தெரியும்ல?"

திட்டத் தெரியுமாவா! தெருக்குழாயடியில் அவளோடு வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் இல்லை.

மறுநாள் காலை பூப்போட்ட உடையோடு, அலுமினியத் தட்டும் கரண்டியுமாக உள்ளே போனாள். "ஏய்" என்றாள். அவ்வளவுதான். ஏழு தலையைத் தூக்கியது, அடையாளம் கண்டது, இறக்கையை அரைகுறையாக விரித்துக்கொண்டு ஓடி வந்து அவள் கையில் துணி அலகைத் தேடியது. அவளுக்குக் கரண்டி எழவில்லை. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற டாக்டரம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "நாளைக்குப் பாக்கலாம் அக்கா."

அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் மறுநாள் போனாள். தட்டை அதன் முகத்துக்கு நேரே அடித்தாள். "போ! என் கண் முன்னால நிக்காதே! சோத்துக்கு ஆள் தேடறியா? வெட்கமா இல்லே? திரும்பிப் பாத்தே, காலை ஒடிச்சிடுவேன்!" ஏழு பின்வாங்கியது. நம்பாமல் மறுபடி வந்தது. மறுபடி அடித்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, திட்டு அதுபாட்டுக்கு வந்தது. தினமும் தொண்டை கட்டும்வரை திட்டினாள். வீட்டுக்குப் போனால் சத்தம் வராது. ஒரு நாள் வீட்டுக்காரர் முதல்முறையாக, "ஏம்மா, இன்னைக்கும் எதுவும் பேசலையே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். தான் பேசுவதை அவர் இத்தனை நாள் கவனித்தே வந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பதினோராம் நாள் அவள் வாசலில் தும்மிய சத்தத்துக்கே ஏழு அடுத்த மூலைக்கு ஓடியது. சோதனையில் ஏழு பறவைகளும் விலகி ஓடின. சதுப்பில் கூடையைத் திறந்தபோது ஏழு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சொன்னபடியே கேட்டது.

அதற்குப் பிறகு அந்த வாய்க்கு வேறு வேலை வந்தது. சதுப்பின் மேலே மின்கம்பி போகிறது; பனியில் நாரைகள் அதில் மோதிச் சாகும். கம்பியில் கலர் உருண்டை மாட்டினால் பறவைக்குத் தெரியும் என்று டாக்டரம்மா மூன்று கடிதம் எழுதிப் பார்த்திருந்தார். ரேடியோ அக்கா கடிதம் எழுதவில்லை. மின்சார அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். அந்த அதிகாரி ஒன்பதாம் நாள் கரைந்தார். "உருண்டையை மாட்டிடறோம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்று கும்பிட்டாராம். ஆரஞ்சு உருண்டைகள் இன்றும் அங்கே தொங்குகின்றன. சதுப்பை ஒட்டிய வயல்காரர்களையும் அவள் விடவில்லை. அறுவடைக்குப் பிறகு ஒரு மூலையில் தண்ணீரை வடிக்காமல் விட்டார்கள், நாரைகள் இறங்குவதற்கு. ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் நன்றி சொன்னாள். நன்றியும் ஒரு மணி நேரத்துக்குக் குறையவில்லை என்று கேள்வி.

நாலு வருஷம் கழித்து ஒரு காலை டாக்டரம்மா வந்து அழைத்துப் போனார். வீட்டுக்காரரும் கூடவே வந்தார். கரைமேல் மூவரும் பதுங்கி உட்கார்ந்தார்கள். தூரத்தில் ஐந்தாறு வெள்ளை நாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. தொலைநோக்கியில் பார்த்தால் ஒன்றின் காலில் நீல வளையம், அதில் ஏழு. பக்கத்தில் அதன் ஜோடி. இரண்டுக்கும் நடுவே ஒரு பழுப்புப் பஞ்சு உருண்டை. கூண்டில் அல்ல, சதுப்பிலேயே பொரித்த குஞ்சு.

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"எதும்மா? எது நம்மளது?" என்று வீட்டுக்காரர் தன் வழக்கமான உரத்த குரலில் கேட்டார். தூரத்தில் அது தேய்ந்துதான் கேட்டிருக்கும், நாரைகள் அசையவில்லை. அவளுக்கும் பழக்கதோஷம், கை தானாக விலகியது, குரல் தானாக ஏறியது.

"அதோங்க, அந்த நீல வளையம்!"

ஏழு சட்டென்று கழுத்தைத் தூக்கியது. மற்றவை மேய்ந்துகொண்டே இருந்தன. அது மட்டும் குஞ்சைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டு, முன்னால் தள்ளி, விறுவிறுவென்று நாணலுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

டாக்டரம்மா பதறிப்போய் அவள் முகத்தைப் பார்த்தார். "போயிடுச்சே அக்கா…"

அவள் முகம் முழுக்கக் கண்ணீர், அதற்கு நடுவே சிரிப்பு.

"போகட்டும் டாக்டரம்மா. பாத்தீங்கல்ல? என் குரல் அதுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."