மாடி வீட்டுக்கு வராத கரண்ட் பில்

அன்று மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றவர்கள் நான்கு பேர்: ரீடிங் எடுக்க வந்த ஈ.பி. தம்பி, எங்கள் மாடியில் குடியிருக்கும் டீச்சர், என் வீட்டுக்காரர், நான். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், உள்ளே நடு அறையில் என் பழைய சேலையை முழுக்கப் போர்த்திக்கொண்டு கிரைண்டர் உட்கார்ந்திருந்தது.

நால்வரும் நின்றது ஒரு கரண்ட் பில்லுக்காக. வெள்ளிக்கிழமைக்குள் மாடி வீட்டு பில் கிடைக்காவிட்டால் டீச்சர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். ஊர் என்றால் திண்டிவனம், விழுப்புரம் இல்லை. மடகாஸ்கர்.

கிரைண்டருக்குச் சேலை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். எங்கள் தெருவிலும் பின் தெருவிலும் பாதி வீட்டு இட்லி என் மாவுதான். ஆனால் எங்கள் கனெக்‌ஷன் வீட்டுக்கானது, கடைக்கானது இல்லை. வீட்டு கரண்டில் வியாபாரம் செய்தால் அபராதம் போடுவார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டதிலிருந்து, ரீடிங் எடுக்கும் நாளில் கிரைண்டரை மூடிவைப்பது என் வழக்கம். மீட்டர் பெட்டியோ வாசலுக்கு வெளியே இருக்கிறது. அங்கே நிற்கிறவருக்கு நடு அறை தெரிய வேண்டுமானால் நடுவில் இரண்டு சுவரை இடிக்க வேண்டும். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் போர்த்துவேன்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். "பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி எல்லாத்தையும் இவ கவலையிலதான் படிச்சா" என்பார் என் வீட்டுக்காரர். டீச்சர் குடிவந்தபோது அந்தப் படிப்பில் எனக்கு ஒரு புது வருடம் தொடங்கியது. அவர் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு சொல்லித்தருகிறவர். காலையில் தாம்பரத்தில் ரயிலேறினால் சாயங்காலம் வருவார். மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிற ஊர்க்காரர் என்று தெரிந்ததும் என் பயம் பாதி போனது. மீதிப் பாதிக்காக வீட்டுக்காரரை மூன்று முறை போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பி, வெளிநாட்டுக்காரர் குடியிருக்கிறார் என்று சொல்லவைத்தேன். மூன்றாவது முறை, "சார், நீங்க வீட்ல இருக்கப் பிடிக்காமதான் இங்க வர்றீங்களா?" என்று கேட்டார்களாம்.

அதற்கும் முன்னால் ஒரு கவலை முடிந்திருந்தது. மாடி ஒரு வருடம் காலியாகக் கிடந்தது. ஒவ்வொரு மீட்டருக்கும் நூறு யூனிட் இலவசம். ஆளில்லாத வீட்டுக்கு அது வீணாகப் போகும். இரண்டு மீட்டர் உள்ள வீட்டில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். வயர்மேனைக் கூப்பிட்டு எங்கள் ஃப்ரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் மேல் மீட்டரில் இணைத்துக்கொண்டோம். டீச்சர் அட்வான்ஸ் கொடுத்த அன்று இரவு எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் ஃப்ரிட்ஜ் அவர் காசில் ஓடினால்? மறுநாளே அந்த வயர்மேனைப் பிடித்துவந்தேன்.

"எங்க சாமான் ஒண்ணுகூட மேல் மீட்டர்ல இருக்கக் கூடாதுப்பா. ஒரு நைட் லேம்ப் இருந்தாக்கூட எனக்குத் தூக்கம் வராது."

"நீ இன்னாத்துக்குக்கா பேஜார் ஆவுற? மேல் மீட்டர்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி பண்ணிட்டுப் போறேன்."

நிம்மதியாகக் காபி போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் ஆனது. கீழ் வீட்டு பில் என் போனுக்கு வந்தது. மாடி வீட்டு பில் வரவில்லை. நான்கு மாதம் ஆனது, ஆறு ஆனது. "அக்கா, பில்லு வந்துச்சா?" என்பதுதான் டீச்சர் தடுமாறாமல் பேசிய முதல் தமிழ் வாக்கியம். "வரும் டீச்சர்" என்பேன். வீட்டுக்காரரிடம் சொன்னால், "வரலன்னா நல்லதுதானே? யாராவது பில்லு வரலன்னு அழுவாங்களா?" என்பார். ஈ.பி. ஆபீசில் போய்க் கேட்கலாம். கேட்டால் ஆள் அனுப்புவார்கள். ஆள் வந்தால் சுற்றிப் பார்ப்பார். சுற்றிப் பார்த்தால் கிரைண்டர். ஆகவே கேட்காமல் இருந்து, பாக்கி குட்டி போட்டுப் பெருகுவதை மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில் என் சொந்த பில் வேறு ஊதிக்கொண்டே போனது. பழி முழுவதையும் கிரைண்டர் மேல் போட்டேன். பெல்ட் மாற்றினேன், மெக்கானிக்கைக் கூப்பிட்டு மோட்டாரைப் பார்க்கச் சொன்னேன். கடைசியில் பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் ஏற்றினேன். இரண்டு தெருவும் என்னைத் திட்டிக்கொண்டே வாங்கியது.

பத்தாவது மாதம் ஒரு திங்கட்கிழமை டீச்சர் கீழே இறங்கி வந்தார். விசாவை நீட்டிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தோடு அந்த வீட்டு கரண்ட் பில்லும் கேட்கிறார்கள் என்று கல்லூரி ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"பில்லு இல்லன்னா நான் போகணும் அக்கா. கிளாஸ் பாதியில இருக்கு. திரும்பி வந்தா இந்த வேலை இருக்காது." வகுப்பில் சொல்லிக்கொடுப்பதைப் போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். என் மேல் அவருக்குக் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புதன்கிழமை ரீடிங் எடுக்கத் தம்பி வந்தார். நான் சேலையைச் சரிபார்த்துவிட்டு ஓடினேன். லீவு போடவைத்திருந்த வீட்டுக்காரர் பின்னால் வந்தார். டீச்சரும் இறங்கி வந்தார்.

"தம்பி, மாடிக்கு பில்லே வரலப்பா."

"மேல் வூடு காலியாத்தானக்கா கீது?"

டீச்சர் அட்டெண்டன்ஸ் சொல்கிற பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். "நான் இருக்கேன்."

தம்பி அவரைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். "மீட்டரு அப்பிடிச் சொல்லலியே மேடம். ரெண்டு மாசத்துக்கு ஆறு யூனிட்டு. நூறு வரைக்கும் ஃப்ரீ. பில்லு சைபரு. கட்ட வேண்டியதே இல்லன்னா இன்னான்னு மெசேஜ் வரும்?"

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் வீட்டுக்காரர். பாக்கி இல்லை என்ற சந்தோஷம் எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. டீச்சர் உடனே கல்லூரி ஆபீசுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். சைபர் பில்லை அனுப்பலாமா என்று கேட்டார்.

"ஆறு யூனிட்டா? யாரு மேடம் குடியிருக்கா, பேயா?" என்றது போன். "அந்த வீட்ல ஆள் இருக்குன்னு காட்டத்தான் பில்லே கேக்கறாங்க. இது ஆள் இல்லன்னு காட்டுது."

டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. தம்பி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். "மேல இன்னா இன்னா கீது மேடம்?"

"ஃபேன், ஃப்ரிட்ஜ், ஹீட்டர். ஏசி."

"ஆறு யூனிட்ல ஏசியா? எப்பிடின்னு எனக்கும் சொல்லுங்க, எங்க வூட்லயும் மாட்டிக்கறேன்."

திருட்டு கரண்ட் என்கிறார் என்று எனக்குப் பட்டது. அதற்குமேல் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "ஐயோ தம்பி, சத்தியமா நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்லப்பா! கிரைண்டரைக்கூட எங்க கீழ் மீட்டர்லதான் ஓட்டறேன்!"

வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எந்த கிரைண்டரு?" என்றார் தம்பி. பிறகு அவரே, "ஓ, மாவு கிரைண்டரா? எங்க வூட்ல உங்க மாவுதான்க்கா. போன வாரம் கொஞ்சம் புளிச்சிருந்துச்சு."

"வெயில் அப்பிடி அடிக்குதுப்பா" என்றேன். அந்த நிலைமையிலும் மாவை விட்டுக்கொடுக்கவில்லை.

"அந்த விஷயம்லாம் வேற ஆளு பாப்பாங்க. நான் நம்பர் எடுக்க வந்தவன். மொதல்ல கீழ் மெயினை ஆஃப் பண்ணிப் பாருங்க சார்."

டீச்சர் மாடிக்கு ஓடினார். வீட்டுக்காரர் எங்கள் மெயினை இறக்கினார்.

"அக்கா! ஃபேன் போச்சு! ஃப்ரிட்ஜ் போச்சு!" என்று மேலிருந்து குரல் வந்தது.

எங்கள் மெயினை ஏற்றிவிட்டு மாடி மெயினை இறக்கினார். "இப்போ?"

"எல்லாம் ஓடுது அக்கா!"

அணைந்தது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் தலைக்கு மேலிருந்த மாடிப்படி பல்பு.

அப்போதுதான் எனக்கு அந்த வயர்மேன் சொன்னது ஞாபகம் வந்தது. போன் போட்டுக் கத்தினேன். "நீதானக்கா மேல் மீட்டர்ல ஒண்ணுமே இருக்கக் கூடாதுன்ன?" என்றான். என் ஃப்ரிட்ஜோடு மாடி வீட்டையே வாரிக்கொண்டுவந்து என் மீட்டரில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறான். டீச்சர் காசில் ஒரு யூனிட்கூட எரிக்கக் கூடாது என்று பயந்த நான், பத்து மாதம் அவர் ஏசிக்குப் பணம் கட்டியிருக்கிறேன். அந்தப் பணத்தில் இட்லி சுட்டவர்களின் பங்கும் கொஞ்சம் உண்டு.

"மேடம் எரிச்சது பூரா கீழ் பில்லுலதான கீது?" என்றார் தம்பி. "அதையே குடுங்க. டோர் நம்பரும் ஓனர் பேரும் ஒண்ணுதான்." ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். மாடி, கீழ் என்று அதில் எதுவும் இல்லை. வீட்டு எண் மட்டும்தான். அன்றே வீட்டுக்காரர் போனில் பணம் கட்டினார். தொகையைப் பார்த்ததும் கல்லூரி ஆபீஸ்காரருக்குத் திருப்தி. "இதுல ஆள் இருக்காங்க" என்றாராம். வியாழக்கிழமை அனுப்பினார்கள். அடுத்த மாதம் விசா நீண்டது. டீச்சர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டபோது என் கையெல்லாம் மாவு.

பிறகு கணக்கு வந்தது. யார் எவ்வளவு எரித்தோம் என்று பிரிக்க வேண்டுமே. இத்தனை வருடம் சேலைக்கடியில் மறைத்த கிரைண்டர் தினம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று டீச்சரிடம் நானே விலாவாரியாகச் சொல்லவேண்டி வந்தது. பாதி தருகிறேன் என்றார் அவர். கால்பங்கு போதும் என்றேன் நான். தாம்பரம் மார்க்கெட்டில் இப்படி ஒரு பேரம் நடந்திருக்காது. வாங்குகிறவர் ஏற்றுகிறார், விற்கிறவர் இறக்குகிறார். மூன்றில் ஒன்றில் நின்றோம். ஒன்பதாயிரத்து அறுநூறு.

மாதம் இரண்டாயிரமாக வாடகையோடு நான்கு மாதம் கொடுத்தார். வேறு வயர்மேனை வைத்து இரண்டு வீட்டையும் பிரித்துவிட்டேன். இப்போது கல்லூரி விடுமுறைக்கு டீச்சர் ஊருக்குப் போயிருக்கிறார். மாடிச் சாவி என்னிடம் இருக்கிறது. போன வாரம் ரீடிங் எடுக்க வந்த தம்பி கேட்டிலிருந்தே, "சேலையை எடுத்துடுங்கக்கா, நான்தான்" என்று சிரித்தார். வீட்டுக்காரர்தான் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை.

டீச்சர் திரும்பி வந்ததும் பாக்கியைக் கேட்டால் என்ன நினைப்பார், கேட்காமல் விட்டால் வேண்டாம் என்று சொன்னதாகிவிடுமா, வாங்கிக்கொண்டால் அதிகம் வாங்கியதாகிவிடுமா என்று தினமும் மாவு அரைக்கும்போது யோசிக்கிறேன். இன்னும் வர வேண்டியது ஆயிரத்து அறுநூறு ரூபாய்.