அறைக்கும் ஹோலுக்கும் நடுவில் ஒரு வீடியோ

போன கிழமை முழுவதும் பக்கத்து வீட்டு மாமிக்கு என்னிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது.

"என்ன பிள்ளை, படம் எப்ப ஓடும்?"

படம் என்று அவர் சொன்னது என் பட்டமளிப்பு விழா வீடியோவை. வந்து பாருங்கோ என்று நானே வாய் விட்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்... ஆனால் அது எனக்கு வராது என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களுக்குத் தெரியாதா?

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பா அதுவும் இல்லை, தோட்டத்துக்குப் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது கணினி. எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், யாருடைய போன் இறுகி நின்றுபோனாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை — சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

விழாவுக்கு ஆளுக்கு இரண்டு அழைப்பிதழ். ஒன்று அப்பாவுக்கு, மற்றது அம்மாவுக்கு. அம்மா சேலைகூட எடுத்து வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கனடாவில் இருந்து அம்மாவின் தங்கை, என் சித்தி, வந்து இறங்கினார்.

"அவ அவ்வளவு தூரத்திலை இருந்து வந்திருக்கிறா. அவ போகட்டும். நான் சமைச்சு வைக்கிறன்."

சித்தி மறுத்துப் பார்த்தார். நானும் கத்திப் பார்த்தேன். அம்மா அசையவில்லை. மேடையில் நான் பட்டம் வாங்கியபோது என்னைப் பெற்றவர் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு இருந்தார்.

அந்தக் குற்ற உணர்வில் சித்தி விழாவைத் தொடக்கத்தில் இருந்து முடிவு வரைக்கும் கமெராவில் எடுத்து, தன் அப்பிள் லப்டொப்பில் ஏற்றி வைத்திருந்தார். "அக்கா, வாங்கோ, இதிலையே பாப்பம்" என்று அன்றைக்கே கூப்பிட்டார்.

நான் விட்டேனா? "சின்னத் திரையிலை பாக்காதேங்கோ அம்மா. எங்கடை கொம்பியூட்டருக்கு எடுத்து, ஹோல் ரிவியிலை பெரிசாப் போடுறன்."

அம்மா சரி என்றார். காத்திருந்தார்.

எங்கள் ஹோலில் ரிவியோடு பொருத்தியிருப்பது விண்டோஸ் கொம்பியூட்டர். சித்தியின் அறையில் அப்பிள். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்ட அந்த வீடியோவுக்கு ஒரு கிழமை போதவில்லை.

பென்ட்ரைவ் இல்லையா என்று கேட்பீர்கள். அந்த லப்டொப்பில் பென்ட்ரைவ் செருக இடமே இல்லை. அதற்கென்று ஒரு சின்ன வயர் வேண்டும். சித்தியின் வயர் கனடாவில். அப்பா வெங்காய மூட்டையை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டே கேட்டார்.

"சுன்னாகம் சந்தைக்குத்தானே போறன். அந்த வயரை வாங்கிக்கொண்டு வரட்டே?"

"வயர் எல்லாம் வேண்டாம் அப்பா. வைஃபையாலையே எடுக்கலாம்."

பட்டம் பெற்றவள் வயர் வாங்கிக் குத்துவதா?

அப்பிளில் கோப்புப் பகிர்வைத் திறந்துவிட்டேன். விண்டோசுக்கு அது தெரியவில்லை. விண்டோசில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்தேன். அப்பிளுக்கு அது தெரியவில்லை. புதுப் பயனர் பெயர் உருவாக்கினேன். பாஸ்வேர்ட் போட்டேன். பாதுகாப்புச் சுவரை நிறுத்தினேன். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள் என்று நிபுணர்கள் கும்பிட்டுக் கேட்டிருந்த ஒரு பழைய வழியையும் திறந்துவிட்டேன். கடைசியில் முகவரியைக் கையாலேயே அடித்தேன். நீங்கள் தேடும் கணினி இல்லாமல் இருக்கலாம் என்று அப்பிள் மரியாதையாகச் சொன்னது.

எட்டிப் பார்த்தேன். கொம்பியூட்டர் ஹோலில்தான் இருந்தது.

"ரெண்டுக்கும் என்ன, சண்டையோ?" என்றார் அப்பா.

"சண்டை இல்லை அப்பா. ஒண்டுக்கு ஒண்டு தெரியுதில்லை."

"பக்கத்து அறையிலை இருக்கிறது தெரியேல்லையோ?"

"அது வேறை சிஸ்டம், இது வேறை சிஸ்டம்" என்று தொடங்கி ஒரு முழு விரிவுரை நடத்தினேன். அப்பா பாதியில் எழும்பித் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் போய்விட்டார்.

சித்தி புறப்படுவதற்கு முதல் நாள் மாலை. அவருடைய பெட்டி கட்டியாயிற்று. வீடியோ இருந்த இடத்திலேயே இருந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை பதில் சொல்லித் தப்பியிருப்பேன். லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு ஹோலில் குந்தியிருந்தேன்.

குசினிக்குள் பேச்சு கேட்டது. அம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டு இருந்தார். சித்தி பக்கத்தில் போய் இருக்கப் பார்த்திருக்கிறார்.

"நீ ஏன் இஞ்சை வெக்கைக்குள்ளை? போய் ஃபானுக்குக் கீழை இரு."

"அக்கா, நானும் வந்த நாளிலை இருந்து பாக்கிறன். தண்ணி கேட்டால் போத்தல் தண்ணி தாறியள். தேத்தண்ணி அலுமாரிக் கோப்பையிலை வருது. குசினிக்கு வந்தால் கலைக்கிறியள். உங்கடை பிள்ளை பட்டம் வாங்கிறதைப் பாக்கிற இடத்தையும் எனக்குத் தந்துபோட்டு வீட்டிலை நிண்டியள். நான் என்ன பிறத்தியாளோ?"



எனக்கு அங்கே பார்க்கக் கூச்சமாக இருந்தது. திரையைப் பார்த்தேன். மேல் மூலையில் வைஃபை அடையாளம். எதற்கென்றே தெரியாமல் அதை அழுத்தினேன். சித்தியின் லப்டொப் எந்த வைஃபையில் இருக்கிறது என்று காட்டியது.

'விருந்தினர்.'

எங்கள் ரவுட்டரில் வீட்டுக்காரருக்கு ஒரு வைஃபை, வந்துபோகிறவர்களுக்கு ஒரு வைஃபை. இரண்டாவதில் இருப்பவர்களுக்கு இன்ரநெற் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் வீட்டுக்குள் இருக்கிற எந்தக் கொம்பியூட்டரும் அவர்கள் கண்ணில் படாது. அதற்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு அது. செய்தது யார்? நான்தான். தமிழில் பெயர் வைத்ததும் நான். சித்தி வந்து செருப்புக் கழற்ற முன்னமே, "உங்களுக்கெண்டு தனியா ஒரு வைஃபை சித்தி, வேறை ஆருக்கும் இல்லை" என்று பாஸ்வேர்ட் அடித்துக் கொடுத்ததும் நானேதான்.

அப்பிளும் பாவம். விண்டோசும் பாவம். அம்மா போத்தல் தண்ணி கொடுத்தார். நான் வைஃபை கொடுத்தேன். எங்கள் ஆட்கள் ஒருவரை மதிப்பது என்றால் இப்படித்தானே... நல்ல கதிரையாகப் பார்த்து இருத்துவோம், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் காட்டமாட்டோம்.

லப்டொப்பை வீட்டு வைஃபைக்கு மாற்றினேன். கண் மூடித் திறக்க முன்னம் கொம்பியூட்டரின் பெயர் வந்து நின்றது. வீடியோ நகரத் தொடங்கியது. திறந்துவிட்ட கதவுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டு, குசினி வாசலில் போய் நின்று காரணத்தைச் சொன்னேன்.

சித்தி அம்மாவைப் பார்த்தார். "கேட்டியளே அக்கா?"

அம்மா முருங்கையிலைச் சுளகைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு வந்தார். நிலத்தில் இருந்து, பக்கத்து இடத்தைத் தட்டினார். சித்தி வந்து இருந்தார். இரண்டு பேரும் இலை ஆய, ரிவியில் படம் ஓடியது. மாமியும் வந்துவிட்டார்.

என் பெயர் வாசித்தார்கள். நான் மேடையேறினேன். அந்த இடத்தில் படம் ஒரு குலுங்கு குலுங்கி, மண்டபத்துக் கூரைக்குப் போய், ஒரு மின்விசிறியை ஆறுதலாகக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தது. அப்போது நான் இறங்கிக்கொண்டு இருந்தேன்.

"நான் கை தட்டிப்போட்டன்" என்றார் சித்தி மெல்ல.

"உதிலை எது பிள்ளை நீ? ஃபானோ?" என்றார் மாமி.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "திருப்பிப் போடு" என்றார். போட்டேன். மேடையேறி நாலு அடி வைக்கும் வரைக்கும் நான் தெரிகிறேன். அம்மாவுக்கு அந்த நாலு அடிதான் வேண்டியிருந்தது. எத்தனை தரம் திருப்பிப் போட்டேனோ தெரியாது. முருங்கையிலை அப்படியே கிடந்தது.

"நிமிந்துதான் நடந்திருக்கிறாய்" என்றார் கடைசியில்.

அந்த உருக்கத்தில் நான் அறிவித்தேன். "உந்த விருந்தினர் வைஃபையை இண்டைக்கே அழிக்கிறன் அம்மா."

"அழிக்காதை" என்றார் அம்மா, இலையில் இருந்து கண்ணெடுக்காமல். "உன்னைப் பொம்பிளை பாக்க வருவினம்தானே. அவைக்குக் குடு."

வைஃபை அப்படியே இருக்கிறது. போத்தல் தண்ணியும் ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறோம்.